பித்தளைக் கட்டையும் சாயத்தொட்டியும்

குமாரபாளையம்
3.2.2024

அன்புள்ள ஜீவாவுக்கு,

நலம். போனில் பேசினால் நீங்களே பேசி முடித்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

என் நானோ துகள் நேற்றும் கெட்டது. உள்ளே சாயம், வெளியே பாலிமர் உறை. குவளையில் செய்தால் அழகாக வருகிறது. உப்பில்லாமலே நூலில் பிடிக்கிறது. சாயப்பட்டறைக்காரர் மகளல்லவா, அப்பாவின் இருநூறு லிட்டர் தொட்டியில் கலக்கினேன். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாய் நின்றது. உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் விடுவதாக இல்லை. இது வந்தால் ஆற்றில் கலக்கும் உப்புத்தண்ணீர் குறையும்.

உங்கள் மனைவி,
தமிழ்ச்செல்வி


டிரெஸ்டன்
19.2.2024

பிரியமுள்ள செல்விக்கு,

இங்கே பனி. உன் ரசம் இல்லாமல் நாக்கு செத்துவிட்டது.

தொட்டிக் கதை படித்துச் சிரித்தேன், கோபிக்காதே. தகரக் கொட்டகையில் இது நடக்காது என்று அப்போதே சொன்னேன். என் கம்பெனியில் பேசிவிட்டேன். முறையை எழுதிக் கொடுத்தால் பெரிய கருவியில் அவர்களே செய்வார்கள். காப்புரிமைக் காகிதம் இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. கண்டுபிடித்தவர் என்று என் பெயர் மட்டும் இருக்கும். எந்தப் பாலிமர் என்று சொன்னவன் நான்தானே. நமக்குள் உன்னுது என்னுது உண்டா?

அன்புடன்,
ஜீவானந்தம்


குமாரபாளையம்
30.3.2024

ஜீவாவுக்கு,

காகிதம் வந்தது. வேலை இருந்ததால் பதில் தாமதம்.

நாமக்கல்லில் லாரி டீசல் பம்ப் பழுதுபார்க்கும் தங்கமுத்து அண்ணனிடம் போனேன். தொட்டிக் கதையைக் கேட்டவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க அம்மிணி, லோடு சாஸ்தியாச்சுன்னா லாரியவா பெருசு பண்றோம்? இன்னொரு லாரி உடறமுங்க" என்றார்.

பித்தளைக் கட்டையில் தலைமுடி அளவுக்குத் துளைகள் போட்டுக் கொடுத்தார். ஒரு துளையில் பாலிமரும் சாயமும் கரைந்த கரைசல், எதிர்த்துளையில் தண்ணீர். இரண்டும் மோதும் கணத்திலேயே துகள் உண்டாகிவிடுகிறது. மெதுவாகக் கலந்தால் கட்டியாகிவிடும், பாத்திரத்தைப் பெரிதாக்கியதுதான் என் தப்பு. கட்டை சின்னதாகவே இருக்கட்டும், ஓட்டம் நிற்காமல் இருந்தால் போதும். இப்போது எட்டுக் கட்டைகள் ஓடுகின்றன. ஒரு பகலுக்குள் இருநூறு லிட்டர். முதல் சொட்டிலும் கடைசிச் சொட்டிலும் துகள் ஒரே அளவு, பக்கத்துக் கல்லூரிக் கருவியில் அளந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். என் பெயரிலும் தங்கமுத்து அண்ணன் பெயரிலும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்று. பாலிமர் நீங்கள் சொன்னது என்று அதில் நன்றியோடு எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் உங்களுக்கு அதில் பங்கில்லை. என்னைக் கேட்காமல் என் வேலையைப் பேசி முடித்தீர்களே, அதுதான் ஆறவில்லை.

மே மாதம் நீங்கள் ஊருக்கு வந்தால், கட்டை கழுவ ஆள் தேவை. வர மனமில்லையென்றால் வர வேண்டாம். கட்டைகள் ஓடும்.

தமிழ்ச்செல்வி