சேற்றை வணங்கியவர்

பார்ஸ்டோ, கலிபோர்னியா

அன்பு எதெல்வினாவுக்கு,

இறையருள் உன்னைக் காப்பதாக. முழங்கால் வலி தணிந்ததா? சோனோராவில் மழை உண்டா? நான் நலம். சனிக்கிழமை பாலைவனப் பந்தயத்தில், முதலாளி டுவைட்டின் இருபது வயது மகன் கோல்பி, நான் பழுதுபார்க்கும் மோட்டார்சைக்கிளின் முன்பிரேக் பிடிக்காமல் வளைவில் விழுந்தான். அவன்மேல் கிடந்த வண்டியைத் தூக்கியபோது சூடான புகைக்குழாய் என் கையில் சற்றே பட்டது, அவ்வளவுதான்.

"பெருசு, பிரேக் பேடு மாட்டக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று டுவைட் எல்லாரும் கேட்கக் கத்தினார். புதிய பேடு மாட்டி மகனை உடனே மீண்டும் ஏற்றப் போனார். நான் குறுக்கே நின்றேன். கழற்றிய பேடு எண்ணெயில் ஊறியிருந்தது. மேலே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் பிரேக்கின்மேல் வழிந்திருந்தது. கிழித்தது காய்ந்த சேறு. முந்தைய பந்தயத்தில் வென்ற வண்டியின் சேற்றைக் கழுவலாகாது என்று என்னைத் தடுத்தவர் அவரே! படைத்தவனை விட்டுச் சேற்றை வணங்குபவர் என்னைப் பழிப்பதா?

"கழுவினா ராசி போயிரும்யா!" என்றார் டுவைட்.

"ராசி பிரேக் பிடிக்காதுங்க," என்றேன்.

கோல்பியே தண்ணீர்க் குழாயை எடுத்தான். "விழுந்தது நான்தாம்ப்பா. தள்ளி நில்லு."

சீலை மாற்றிவிட்டேன். நாளை அவன் ஓட்டுகிறான்.

என் மூக்குக்கண்ணாடியும் நீ இடித்த மிளகாய்ப்பொடியும் அனுப்பு. கூடவே உன் கைப்பட நாலு வரி வை. பந்தய வண்டிகளை ஏற்றிய எங்கள் லாரி கிளம்புகிறது. கோல்பிக்காகச் செபி. அவன் தந்தையையும் சேர்த்துக்கொள் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

உன்
ஃபவுஸ்தினோ