ரிஜெக்ட் பையில் போன கேபிள்

என் விஜிக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. நிச்சயம் முடிந்த கையோடு எழுதச் சொல்லிக் கேட்டாய், ஓவர்டைம் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். இப்போது நேரம் நிறைய இருக்கிறது, படிக்கத்தான் நீ இல்லை. பரவாயில்லை, எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். இது நாலு பேருக்குத் தெரிவதுதான் நியாயம்.

முதலில் வீட்டுச் செய்தி. திருவேற்காட்டு வீடு அப்படியே இருக்கிறது. மாடிக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாக நிறுத்திவிட்டேன். உனக்குச் சிரிப்பு வரும் சேதி ஒன்று உண்டு. இப்போது எந்தப் போன் வாங்கினாலும் ஒரே மாதிரி கேபிள்தான். போன், நம் பெண் கவிதாவின் லேப்டாப், மாப்பிள்ளையின் புதுக் கேமரா எல்லாவற்றுக்கும் அதே கேபிள். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகிறது. நான் தொண்டை கிழியச் சொன்னதை உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது விஜி. பீற்றிக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை.

ஆவடியில் கேமரா வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் காட்டியது சாதாரண யூஎஸ்பி கேபிள் பொருந்தும் கேமரா. நீ கையில் எடுத்ததோ அந்த நீல நிறக் குட்டிக் கேமரா. அதற்கு அந்தக் கம்பெனிக்காரன் தனியாகச் செய்த கேபிள்தான் பொருந்தும். முனை தட்டையாக, அகலமாக இருக்கும். சார்ஜ் ஏற்றவும் அதுதான், படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றவும் அதுதான். மெமரி கார்டும் அவன் செய்ததே, வேறு எதிலும் நுழையாது.

"இந்தக் கேபிள் தொலைஞ்சா கேமராவே போச்சு" என்றேன்.

"நான் ஏங்க தொலைக்கப் போறேன்?" என்றாய்.

நீ தொலைக்கவில்லைதான்.

ஃபேக்டரியில் என் வேலை என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. போல்ட் வந்தால் அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் பாஸ். நுழையாவிட்டால் சிவப்பு மை வைத்து ரிஜெக்ட் தொட்டியில் போடுவேன். அது எந்த வண்டிக்கு, எதற்காகச் செய்தது என்றெல்லாம் கேட்கிற வேலை என்னுடையதில்லை. வருஷக்கணக்கில் இதையே செய்தவனுக்கு வீட்டிலும் வேறு புத்தி வருமா?

ரிட்டையர் ஆகி ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று நீ சமையலறைச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாய். நான் பிஸ்கட் டப்பாவில் கிடந்த கேபிள்களைத் தரம் பிரிக்க உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கைக் கேஜ் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேபிளாகச் செருகிப் பார்த்தேன். பொருந்தியதெல்லாம் டப்பாவுக்குள், பொருந்தாததெல்லாம் ஒரு பைக்குள். அந்தப் பையைப் பழைய சாமான் எடுக்க வந்தவரின் சைக்கிளில் நானே மாட்டிவிட்டேன். உன் கேபிளும் அதில் போனது. கேமரா உன் புடவைப் பெட்டியில் இருந்ததால் அதன் நினைப்பே எனக்கு வரவில்லை.

திருவேற்காட்டுக்கு வந்த இரண்டாம் நாள் கேட்டாய். "கேமரா கேபிளைப் பாத்தீங்களா?"

கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது விஜி. அந்தத் தட்டை முனை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் வாய் வேறு சொன்னது. "நீதானே எடுத்து வெச்சே. எங்கே வெச்சியோ."

பரணையில் ஏறி இரண்டு பெட்டியைப் பிரித்துப் பார்த்தாய். நானும் கூட நின்று டார்ச் அடித்தேன்.

மறுவாரம் அம்பத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கினேன், உனக்குத் தெரியாமல். கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்த ஒரு கேபிளை வாங்கி வந்து செருகிப் பார்த்தேன். பார்வைக்கு ஒன்றாகத்தான் இருந்தது, ஒரு ஓரம் மட்டும் இடித்தது. அழுத்தினால் உள்ளே இருக்கும் பின்கள் வளைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். கேமரா பீரோவுக்குப் போனது. அதன் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் பேச்சு முடியவில்லை. வீட்டில் எது காணாமல் போனாலும், "அம்மா கேபிளோட போயிருக்கும்" என்று கவிதா சொல்ல ஆரம்பித்தாள். ஸ்கூட்டர் சாவி, ரேஷன் கார்டு, என் மூக்குக் கண்ணாடி எல்லாமே அம்மா கேபிளோடு போயின. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேமராவைக் கண்ணால்கூடப் பார்க்காத பேத்தி யாழினியும் அதைச் சொல்லப் பழகிவிட்டாள். உன் காரியம் முடிந்த வீட்டில், நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டே கவிதா அதைத்தான் சொன்னாள். "எங்கம்மாவுக்கு ஒரு பொருளைப் பத்திரமா வெக்கத் தெரியாது." பாசத்தோடுதான் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை மறுநாள் உனக்கு வருஷம் முடிகிறது. படம் வைத்துக் கும்பிட வேண்டும். போனில் தேடினால் நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு எடுத்தவைதான் நிறைய. அதற்கு முன்னால் எடுத்ததில் ஓரத்தில் பாதி முகமும் தோளுமாக நிற்கிறாய். "அந்தப் பழைய கேமராவுல நல்லதா ஒண்ணு இருக்குமாப்பா?" என்று கவிதா கேட்டாள். கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆவடியில் கையை விரித்தார்கள். அம்பத்தூரில் ஒருவர்தான், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ கடையில் பழைய கேபிள் எல்லாம் இருக்கும் என்றார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

கடையில் ஷமீம் என்ற பெண் இருந்தார். கவிதா வயதுதான் இருக்கும். கேமராவை எடுத்து மேஜையில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"இது விஜயா அக்கா கேமராவாச்சே. அக்கா எப்டி கீறாங்க சார்? ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, ஆளையே காணோமே."

ஸ்டூலில் உட்கார்ந்து, நீ போய்விட்டதைச் சொன்னேன். அவர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். அதே தட்டை முனை. செருகியதும் கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை வருவாயாம். சார்ஜ் ஏறும்வரை இந்த ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாயாம். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன், வாங்கி வருகிறேன் என்று போவாயே, அது இங்கேதானா? அந்த டெய்லரை எத்தனை தடவை திட்டியிருப்பேன். ஒரு ஜாக்கெட்டுக்கு இத்தனை நடையா என்று.

"கேபிளையே எடுத்துகினு போங்கக்கான்னு எத்தினியோ வாட்டி சொன்னேன் சார். வாணாம்ட்டாங்க. நீங்க பழைய சாமான்காரருகிட்ட பைய குடுத்தப்பவே, அதுல கேபிள் முனை தொங்கினு இருந்தத பாத்தாங்களாம், கூப்டறதுக்குள்ள சைக்கிளு கெளம்பிடுச்சாம். தெரியாம பூட்சி, அவரே சொல்லட்டும், யாரு மொதல்ல வாயத் தொறக்கறதுன்னு பாக்கலாம்னு சிரிச்சாங்க."

"கோவமா சொன்னாளாம்மா?"

"இல்ல சார். ஒரே ஒரு வாட்டிதான் அழுதாங்க. பேத்தி இன்னாவோ கேபிள்னு கிண்டல் பண்ணிச்சாம். நீங்களே சொல்லிருங்களேன்க்கான்னேன். அதுக்கு, பொண்ணு முன்னால அவர் தலை குனிஞ்சி நிக்கறத என்னால பாக்க முடியாதும்மான்னாங்க."

பிறகு படங்களைத் திரையில் காட்டினார். குவார்ட்டர்ஸ் காலம் தாண்டி, இந்த வீட்டுக்கு வந்த பிறகு எடுத்தவை. எல்லாவற்றிலும் நான்தான். பேப்பரை மார்பில் கவிழ்த்துக்கொண்டு வாய் திறந்து தூங்குகிறேன். மாடியில் குழாயோடு மல்லுக்கட்டுகிறேன், முதுகு மட்டும் தெரிகிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிறேன். எல்லாம் எனக்குத் தெரியாமல் எடுத்தது. பீரோவில் செத்துக் கிடப்பதாக நான் நினைத்த கேமராவை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே நடமாடியிருக்கிறாய். என்னை இவ்வளவு பார்த்திருக்கிறாய் விஜி. நான் உன்னை என்ன பார்த்தேன்?

ஒரே ஒரு படத்தில் நீ இருந்தாய். ஷமீம் எடுத்தது. கையில் டீ கிளாஸ், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. என்ன பேசிச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். ஷமீம் முதலில் தயங்கினார்.

"ஒங்கள மாரி செஞ்சி காட்னாங்க சார். டார்ச் அடிச்சிகினு கேபிள் தேடுனீங்களாமே, அத."

அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். கவிதாவுக்கு அனுப்பினேன். "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா, எங்க எடுத்தது?" என்று கேட்டு எழுதினாள். வந்து சொல்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன்.

எட்டு வருஷம் எனக்காகக் காத்திருந்தாய். சொல்வதற்கு எத்தனை காலை, எத்தனை காபி வேளை இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொல்லணுமாங்க?" என்று கேட்டாயே, அதற்குத்தான் கேட்டாயா? நான் மாத்திரையைப் பற்றிப் பேசினேன்.

சரி, வாக்குக் கொடுக்கிறேன். நாளை மறுநாள் கவிதா, மாப்பிள்ளை, யாழினி எல்லோரும் வந்த பிறகு, கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால், உன் படத்தின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். தூக்கிப் போட்டது நான், பொய் சொன்னது நான், உங்களோடு சேர்ந்து சிரித்ததும் நான். தலை குனிந்துதான் நிற்பேன், நீ பொறுத்துக்கொள். கவிதா அழுவாள், சத்தம் போடுவாள், போடட்டும். யாழினிதான் கேட்பாள், "பாட்டி இருக்கும்போதே ஏன் தாத்தா சொல்லல?" என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்பதையும் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
கவிதா அப்பா