சின்னப் புல்லியும் மாப்பிள்ளை அழைப்பும்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கல்யாணப் பெண் இன்று செய்த காரியம்: ஒண்டிப்புதூரில் ஜெரால்டின் பட்டறையில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தது. அம்மா போனில் கேட்டதற்கு, பிளவுஸ் அளவு கொடுக்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். தையல் கடையில் ஏன் சுத்தியல் சத்தம் என்று அம்மா கேட்கவில்லை. நல்லவேளை.

மிளகாய்க்குப் புதுப் புல்லி மாட்டியாகிவிட்டது. (சிவப்பு டர்போ காருக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?) இன்ஜினின் முன்னால் சுற்றுகிற சக்கரம் அது. பெல்ட் போட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஓட்டுவது அதுதான். பழையது இரும்பு, உரித்த தேங்காய் கனம். நானே வரைந்து, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கிய புதுசு அதைவிடச் சின்னது, கையில் இருப்பதே தெரியவில்லை. இன்ஜினுக்குச் சுமை குறையும், ரேஸ் டிராக்கில் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்ததும் பாயும். பழைய போல்ட்தான் கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்பேனரில் மாட்டிய நீளக் குழாயில் நானும் ஜெரால்டும் சேர்ந்து தொங்கினோம். அது கழன்றபோது இரண்டு பேரும் தரையில் கிடந்தோம்.

ஜெரால்டு காலேஜில் என் கூடப் படித்தவன், அறிவுரை இலவசம். "ஒண்ணு சொல்லிப்போடறேன் நந்திதா. இனி ஆல்டர்னேட்டர் மெதுவாத்தான் சுத்தும். வேகமாப் போனா ஒண்ணும் தெரியாது. ஊர்ந்துட்டே ஏசி, லைட்டெல்லாம் போட்டீன்னா பேட்டரி படுத்துக்கும்."

நான் எதுக்குடா ஊர்ந்து போறேன் என்று சிரித்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாப்பிள்ளை கிருபாசங்கரின் அம்மா பொள்ளாச்சியிலிருந்து ஒரு குலை இளநீரோடு வந்திருந்தார். சென்னியம்மாள் அத்தை. பாசமான மனுஷிதான். போகிறபோது என் கன்னத்தைத் தடவி, "கல்யாணம் ஆனதும் அந்தச் செவப்புக் காரை வித்துப்போட்டு, நாலு பேரு தாராளமா உக்கார்ற வண்டியா வாங்கிக்கலாம் கண்ணு" என்றார். அவ்வளவு இனிமையாகச் சொன்னதில் நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

விற்பதா? முதல் வேலை கிடைத்து ஆசை ஆசையாக வாங்கின வண்டி. கிருபாவுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் புலம்பினேன்.

"எங்கம்மா அதுல ஏறினதே இல்லீங்க, பொறவு எப்படிப் புடிக்கும்? மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க ஊட்டுல இருந்துதானே கார் அனுப்போணும்? மிளகாயவே அனுப்புங்க. அம்மாளையும் பின்னாடி உக்கார வெச்சுட்டு வாரேன்."

கெட்டிக்காரர். இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செட்டிபாளையம் டிராக். பெண்கள் பிரிவில் இரண்டாவது! போன தடவை கடைசி. புல்லிக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரியப்பா தன்னுடைய பெரிய வெள்ளைக் காரைத் தருவதாகச் சொன்னார். ஊகூம், மிளகாய்தான் என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்துவிட்டேன். ஜெரால்டு வேறு போன் செய்து, பழைய புல்லியை மாட்டித் தரட்டுமா என்கிறான். மாப்பிள்ளையை அழைத்துவரும் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம்! அதற்குப் போய் யார் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவது? பியூட்டி பார்லருக்குப் போகவே நேரமில்லை.

செப்டம்பர் 3, புதன்

மானம் போச்சு.

கிணத்துக்கடவு மண்டபம், மணமகள் அறை, இரண்டு கையிலும் மருதாணி. தூரத்தில் மேளம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. கிட்டே வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை ஊர்வலம் ஊர்ந்துதானே வரும்! கிருபாவின் பங்காளிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் மேளத்தை நிறுத்திவைத்து ஆடுகிறார்கள். அத்தைக்கு வியர்க்கக் கூடாதென்று ஏசி முழுசாக ஓடுகிறது. போதாக்குறைக்கு, அலங்காரம் செய்தவர்கள் வண்டி முழுக்க சீரியல் லைட்டைச் சுற்றி, அதையும் என் பேட்டரியிலேயே கோத்துவிட்டிருக்கிறார்கள்.

மேளம் நின்றது. போன் அடித்தது. தோழி டீனா எடுத்து என் காதில் வைத்தாள். கிருபா.

"ஏனுங்க நந்திதா, லைட்டெல்லாம் மங்கி வண்டி நின்னுபோச்சுங்க. டிரைவர் சாவியத் திருப்புனா டிக் டிக்குனு மட்டும் சத்தம் வருது."

"அத்தை?"

"கல்யாணப் பத்திரிகைல விசிறிட்டு இருக்காங்க."

அடிப்பாவி! என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே! அந்த ஜெரால்டு படிச்சுப் படிச்சுச் சொன்னானே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மை கரையும், அழாதே என்று டீனா அதட்டினாள். அவள் கவலை அவளுக்கு.

"ஏசிய அணைங்க. சீரியல் லைட் ஒயரைப் பிடுங்குங்க. ரெண்டாவது கியர்ல தள்ளச் சொல்லுங்க. ஸ்டார்ட் ஆயிருச்சுன்னா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்கவே கூடாது."

"தள்ளறது தானுங்களா? டிராக்டர்ல பழக்கமுங்க. டிரைவர் எறங்கட்டும், நானே ஓட்டறேன்."

மாப்பிள்ளை ஓட்டுவதா! வேண்டாமுங்க என்பதற்குள் வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு உறுமல். பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சித்தி கையைப் பிடித்து இழுத்தார், நான் பார்த்துவிட்டேன். பட்டு வேட்டிப் பங்காளிகள் புழுதியோடு பின்னால் ஓடி வர, மேளக்காரர்கள் அலறியடித்து முன்னால் ஓட, நடுவில் மிளகாய். மாலை மூக்கை மறைக்க, கிருபா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வருகிறார். ஆரத்தித் தட்டோடு நின்றவர்களையும் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினார். பின்சீட்டில் அத்தையின் முகம் தெரியவில்லை.

அவ்வளவுதான், வித்துருவாங்க. இனி நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு வேண்டாம்னு சொல்றது?

செப்டம்பர் 4, வியாழன்

தாலி கட்டியாயிற்று. சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனால் அத்தை காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோவையில் அம்மா வீட்டு விருந்து முடிந்து பொள்ளாச்சிக்குத் திரும்ப வேண்டும். கிருபா தேங்காய் லோடு விஷயமாக முன்னாலேயே கிளம்பிவிட்டார். அத்தையும் நானும் மட்டும். வேறு வழியில்லாமல் மிளகாய்.

ஒண்டிப்புதூர் வழியாகப் போகலாம் அத்தை, பழைய புல்லியை மாட்டிவிடுகிறேன், ஏசி நன்றாக வரும் என்றேன். அந்தச் சின்னதுதான் மாப்பிள்ளை அழைப்பன்று என் காலை வாரியது என்பதையும் சொல்லிவிட்டேன். அத்தை சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"அடுத்த ரேஸ் எப்ப?"

"அக்டோபர்ல, அத்தை."

"பொறவு எதுக்குக் கழட்டிக் கழட்டி மாட்டறே? அது பாட்டுக்குக் கெடக்குது, உடு." பையிலிருந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் எத்தனையோ மாப்பிள்ளை அழைப்பு பாத்துப்போட்டேன் கண்ணு. எல்லாரும் பொம்மையாட்டம் உக்காந்துதான் வருவாங்க. எம் பையன் சிரிச்சுட்டு வந்தான். அவங்கப்பா போன பொறவு அவன் அப்படிச் சிரிச்சு நான் பாக்கலை."

ஜன்னலை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வயசானவர் இருக்கிறாரே என்று நல்ல பிள்ளையாக மெதுவாகவே ஓட்டினேன்.

கோவில்பாளையம் தாண்டியதும் அத்தை விசிறியை நிறுத்தினார்.

"ஏங் கண்ணு, இது இவ்வளவுதான் போகுமா?"