கரைப்பாதையில் வாணவேடிக்கை

சிவகாசி
1.3.2006

அன்புத் தங்கை ஸ்ரீமதிக்கு, அண்ணன் முத்துக்கிருஷ்ணன் எழுதுவது.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ கொடுத்துவிட்ட கருவாட்டை உன் மதினி அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டாள். அப்பா போன பிறகு நாம் இருவரும் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். உன் பைனாகுலரில் பார்த்த பூநாரைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஒன்று கேட்கிறேன். நாம் நடந்த அந்தக் கடலோரக் கரைப்பாதைக்கு வேன் வருமா? சாயங்காலம் ஆள் நடமாட்டம் உண்டா?

பங்குனிப் பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு கட்டாயம் வா.

உன் அண்ணன்


சாயல்குடி
6.3.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே திரும்பத் திரும்பப் படித்தேன். வேன் உப்பளம் வரை வரும். சாயங்காலம் ஈ காக்கை இருக்காது. மதினியையும் பிள்ளைகளையும் அழைத்துவரத்தானே கேட்கிறீர்கள்? சீக்கிரம் வாருங்கள். உள்ளான் குருவிகளுக்கு இப்போதே வயிறு செங்கல் நிறமாகிறது. சித்திரைக்குள் வடக்கே கிளம்பிவிடும்.

மணல்திட்டில் மட்டும் யாரும் ஏறக்கூடாது. ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிட்டிருக்கின்றன. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

பிரியமுள்ள தங்கை,
ஸ்ரீமதி


சாயல்குடி
28.3.2006

அண்ணனுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் நடக்கப் போனேன். உப்பளத்தில் நம் பட்டாசுக் கம்பெனி வேன் நின்றது. மணல்திட்டில் நாற்காலிகள், வடநாட்டு வியாபாரிகள், நடுவில் நீங்கள். நான் ஓடி வருவதற்குள் முதல் வெடி மேலே போய்விட்டது.

பூநாரைக் கூட்டம் மொத்தமும் கத்திக்கொண்டு எழுந்தது. மின்கம்பியில் மோதி விழுந்தவற்றை மறுநாள் நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஆலா முட்டைகள் நாற்காலிகளுக்கு அடியில் கூழாகிக் கிடந்தன.

உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, ஆர்டர் குடுக்க வந்தவுக முன்னால மானத்த வாங்காத. அங்கிட்டுப் போ" என்றீர்கள்.

அன்று நான் பறவை காட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் வெடி விட்டுக் காட்டத் திடல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஸ்ரீமதி


சிவகாசி
2.4.2006

ஸ்ரீமதிக்கு,

தெரிந்துதான் செய்தேன். இங்கே தாயில்பட்டிப் பக்கம் எங்கே திரும்பினாலும் வெடிமருந்து ஷெட்டு. புது வெடியை எந்த இடத்தில் விட்டுக் காட்ட? சீசன் ஆர்டர் கைவிட்டுப் போனால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது தெரியுமா? நீ படித்ததும், உன் கழுத்தில் கிடப்பதும் இந்த மருந்தில் வந்ததுதான்.

போன ஐப்பசியில் நம் ஷெட்டில் வேலை பார்த்த சங்கிலிமுத்து வெடி விபத்தில் கருகிச் செத்தானே, அதற்கு நீ ஒரு கார்டு போட்டாயா? மனுஷனுக்கு வராத கண்ணீர் கொக்குக்கு வருகிறதோ?

கோபம் தணிந்தால் பொங்கலுக்கு வா. மதினி உனக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

முத்துக்கிருஷ்ணன்


சாயல்குடி
7.4.2006

அண்ணனுக்கு,

கார்டு போடவில்லை. நேரில் போனேன். சங்கிலிமுத்து பெண்சாதி வேலுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி வருவாகன்னு காரியம் முடியுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தோம்மா. மேனேசரத்தான் அனுப்புனாக" என்றாள். காய்ச்சலில் கிடக்கிறீர்கள் என்று அவளிடம் சொன்னேன். கூடப்பிறந்தவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உங்கள் ஷெட்டில் அன்று அளவுக்கு மேல் ஆட்களை அடைத்து வேலை வாங்கியதையும் அவள் சொன்னாள். அதற்கும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன்.

கொக்குக்கும் மனுஷனுக்கும் நான் வித்தியாசம் பார்க்கிறேன் என்கிறீர்கள். நீங்கள்தான் பார்க்கவில்லை. இரண்டும் உங்களுக்கு ஒன்றுதான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே, உப்பில் போட்டு வைத்திருந்த செத்த பூநாரைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். "யாரு வெடி விட்டாகன்னு தெரியுமாம்மா?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"எங்க அண்ணன்தான்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்று உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஷெட்டு விஷயத்தை எங்கே சொல்ல வேண்டும் என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். வேலுத்தாய் என்னோடு வருகிறேன் என்றிருக்கிறாள்.

பொங்கலுக்கு வரமாட்டேன். இனி எதற்கும் வரமாட்டேன். விசாரணைக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே உங்கள் எதிரில் நின்று சொல்வேன். அன்றைக்கு நேரமாகும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்ரீமதி