ஒரு கட்டைச் சுருதி

மே 14, வியாழன்

கோவித்துக்கொள்ளாதே செல்வி, அக்காதான் உன் விலங்கியல் நோட்டின் பின்பக்கங்களை எடுத்துக்கொண்டேன். எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். உன் தவளைப் படங்களைத் தொடமாட்டேன்.

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். வாசலூர்பட்டி மண்டபத்தில் நாற்காலி துடைத்தோம். நாளையிலிருந்து இரண்டு நாள் கோடை இசை விழா. எனக்கு வேலை: பாடுகிறவர்களுக்கு ஃப்ளாஸ்க்கில் சுடுதண்ணீர். மல்லிகாவுக்கு வாசலில் செருப்பு டோக்கன். "நீ சங்கீதம், நான் செருப்பு. ஒரே பள்ளிக்கூடம்தான் படிச்சோம்" என்கிறாள்.

சென்னையிலிருந்து பாடகியம்மா வந்துவிட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தியாம். "திரும்ப இறங்கணுமா? இங்கேயே எனக்கு ஒரு வீடு பாருங்கோ" என்றார். சுடுதண்ணீரை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, என்னையும் சேர்த்து மலைப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மேடையில் பாட ஆளுக்குப் பத்து நிமிஷம். ஒருவருக்கு மட்டும் சேலத்தில் தங்க வைத்து ஒரு வருஷம் சொல்லித் தருவார்கள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை சேந்தமங்கலம் ஜவுளிக்கடை, கம்ப்யூட்டர் வேலை. கடைக்கார பாய் நல்ல மனுஷர். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பயம்.

ஃபாரம் கொடுத்தார்கள். பெயர். ஊர்: எடப்புளி நாடு. ராகம்: மோகனம். சுருதி: ____ கட்டை. குரலின் உயரத்துக்கு ஓர் எண் போட வேண்டுமாம்.

ஃபோன் வீடியோவில் பாடம் நடத்தும் வித்வான் தினமும் "ஒரு கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் தொடங்குவார். மூன்று வருஷம், விடுதி மொட்டைமாடி, காதில் ஒயர், கீழே படிக்கிறவர்களுக்குக் கேட்காமல் உதட்டுக்குள்ளேயே அவரோடு பாடினேன். 1 என்று எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. பி.காம். முடித்தவள் இதைப் போய்க் கேட்பதா என்று.

மே 15, வெள்ளி

மதியம் மழை. கரண்ட் இரண்டு முறை போனது. சுடுதண்ணீர் ஆறு தடவை.

கச்சேரியில் பார்த்தவை:
- தெரிந்தவர்கள் தொடையில் தாளம் போடுகிறார்கள். தெரியாதவர்கள் அவர்கள் தொடையைப் பார்த்துப் போடுகிறார்கள்.
- மூன்றாவது வரிசையில் ஒருவர் பையில் பலாச்சுளை. மண்டபம் முழுக்க வாசனை.
- பாடகியம்மா மேலே போகும்போது முகம் மாறவே இல்லை.

பின்வரிசையில்: "போட்டிங் இருக்குன்னு சொல்லித்தானுங்க கூட்டியாந்தீங்க?" "பாட்டு முடியட்டும், இரு." "அவங்க முடிக்கற மாதிரி தெரியலீங்களே."

அப்பா நாளைக்கு வருகிறாராம். மரவள்ளிக் காட்டில் வேலை கிடக்கிறதே என்றேன். "கெழங்கு எங்கயும் ஓடிப்போயிராது சாமி." வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறார். மழையில் காயவில்லை.

மே 16, சனி

வெயில். எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

வயலின்காரர் ஃபாரத்தைப் பார்த்தார். "ஒரு கட்டையா? நிஜமாவா?" தலையாட்டினேன். அவர் மிருதங்கக்காரரைப் பார்த்தார். பெட்டியில் தம்பூரா ஒலி வந்தது. விடுதியில் கேட்ட அதே ஒலி.

முதல் வரியில் காற்றுதான் வந்தது. மைக்கை இன்னும் கிட்டே நகர்த்தினார்கள். கீழே இறங்க இறங்க ஒன்றுமே இல்லை. உதடு அசைந்தது. பயந்துபோய் மேலே தூக்கினேன். கீச்சென்று உடைந்தது. யாரோ ஒரு குழந்தை சிரித்து, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பத்து நிமிஷத்தில் நான்கு நிமிஷம்தான் இருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்.

அப்பா கடைசி வரிசை. ஈரச் சட்டை. "நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. சத்தந்தான் கொஞ்சம் கேக்கல."

மல்லிகா: "நீ பாடுனியா, சாமிகிட்ட ரகசியம் சொன்னியா?" என் முகத்தைப் பார்த்ததும், "சும்மா சொன்னன்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேலம் இடம் வேறு பெண்ணுக்கு. நன்றாகப் பாடினாள்.

மாலை ஃப்ளாஸ்க்கோடு போனபோது படிக்கட்டில் வயலின்காரர் காபி குடித்தபடி: "ஆம்பளைங்க பாடற சுருதியில பாட விட்டுட்டோமே அந்தப் பொண்ணை. பொம்பளைக் குரலுக்கு அஞ்சு, அஞ்சரை வைக்கணும். கேட்டேன், தலையை ஆட்டித்து." மிருதங்கக்காரர்: "குரல் இருக்கோ என்னவோ, யாருக்குத் தெரியும்."

நான் பின்னாலேயே நின்றேன். அவர்கள் போன பிறகுதான் ஃப்ளாஸ்க்கை உள்ளே வைத்தேன்.

மூன்று வருஷமும் ஃபோன் வித்வான் குரலில்தான் பாடியிருக்கிறேன். என் குரலை நானே கேட்டதில்லை.

மே 17, ஞாயிறு

மூடுபனி. ஏரி தெரியவில்லை. பையில் இரண்டு சுடிதார், சான்றிதழ், சீப்பு. நாளை ஏழு மணி பஸ்.

ஒன்பது மணிக்குப் பாடகியம்மா வேன். காலை சுடுதண்ணீர் கொடுத்தேன். "என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். எப்போதும் அதுதான் வாயில் வருகிறது.

இப்போது எட்டே கால். மண்டபத்துப் பின்படியில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பெட்டி கட்டுகிறார்கள். வழிக்கு ஃப்ளாஸ்க்கை நிரப்பி நான்தான் கொடுக்க வேண்டும். செல்வி, இந்தப் பக்கத்தில் பாதியைக் கிழிக்கிறேன். ஃப்ளாஸ்க்கோடு சேர்த்துப் பாடகியம்மா கையில் கொடுக்க:

அம்மா, நேற்று சத்தம் வராமல் பாடியது நான்தான். சேலத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. நாளைக்கு வேலையில் சேர்ந்துவிடுவேன். வேன் எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. தம்பூராப் பெட்டியை ஒரு நிமிஷம் போடுங்கள். ஒரே ஒரு ஸா பாடுகிறேன். என் குரலுக்கு எத்தனை கட்டை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.