பேயின் கையில் என் தழும்பு

போன இடத்திலும் காபிக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நேற்று மத்தியானம் உங்கள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். 'இன்ஜின் டிராயிங்' என்று எழுதிப் பரணில் போட்டீர்களே, அதைத்தான். நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். பதில் சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன்.

நஸ்ரீன் என்று ஒரு பெண். பழைய மாத நாவல் அட்டைப்படங்களைத் தேடிக் கண்காட்சி வைக்கிறவள். சென்னைப் பதிப்பாளர் வீட்டில் கிடைத்த ஒரு கவரில் நம் பழைய செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் விலாசத்தைப் பார்த்து, விசாரித்து இப்போதைய தார்நாகா வீடு வரைக்கும் வந்துவிட்டாள். புனைபெயரில் பேயும் கொலையும் வரைந்தது நீங்கள்தான் என்றதும் நம் ராஜு சிரித்தான். "எங்கப்பாவா? ரயில்வே பட்டறையில சக்கரம் வரைஞ்சவருங்க" என்றான். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று அவனே ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினான். நான் அடுப்படியில் பாலைப் பார்ப்பதுபோல நின்றேன்.

கிணற்றடிப் பேய், கழுத்து நெரிபடுகிறவள், ஈரச் சேலையில் ஓடுகிறவள். எத்தனை மாராப்பைச் சரித்திருக்கிறீர்கள்! முகங்கள் மட்டும் அபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அமெரிக்கப் பத்திரிகைகளில் இருந்து வந்தவை. தலைமயிரைக் கறுப்பாக்கிப் பொட்டு வைத்துவிட்டீர்கள்.

முகத்தை மாற்றினீர்கள், சரி. கையை மாற்றினீர்களா? இருப்பதை விடாமல் வரைகிற பட்டறைப் புத்தி எங்கே போகும்? அப்பளம் பொரித்தபோது எண்ணெய் பட்டு என் இடது முழங்கைக்குக் கீழே வந்த தழும்பு, அத்தனை பெண்களுக்கும் இருக்கிறது. பேய்க்கு எதற்குங்க அப்பளத் தழும்பு?

காபியை நீட்டினேன். ராஜு படத்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். நான் சட்டென்று முந்தானையால் கையை மூடினேன். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நஸ்ரீன், "இந்த மாடல் யார் ஆண்ட்டி?" என்று இந்தியில் கேட்டாள்.

அவன் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். "அம்மா, அப்பா உன்னக் கட்டாயப்படுத்தினாரா? ஆமான்னு சொல்லு. எல்லாத்தையும் இப்பவே கிழிச்சுடறேன்."

இல்லை என்றால் பிள்ளை என்னை என்னவென்று நினைப்பான்? ஆமாம் என்றால் நீங்கள் அவனுக்கு யார்?

அப்போதுதான் அவன் கையில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஒருத்தி முதுகைக் காட்டித் தலை துவட்டுகிறாள். பின்னால் கதவிடுக்கில் கத்தியோடு ஒருத்தன்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஏல, இது நான் நின்ன படம் இல்ல. நான் குளிச்சிட்டு நின்னப்போ எனக்குத் தெரியாம உங்கப்பா வரைஞ்சது. அப்புறம் ஒருநாள் உன்ன இடுப்புல வச்சிக்கிட்டு ஊருக்குப் புறப்பட்டேன். செகந்திராபாத் ஸ்டேஷன் புத்தகக் கடையில இது நாவல் அட்டையா கிளிப்புல தொங்குது. ரெண்டு பேரு பார்த்துட்டு நிக்கானுவ. என் கையி, என் தழும்பு. ரெண்டு மாசம் அவருக்கு நான் கடுதாசி போடல."

"அப்புறம்?"

"திரும்பி வந்து ஒரு ஒப்பந்தம் போட்டேன். இனி கேட்டாத்தான் நிப்பேன். எனக்குப் பிடிக்கலன்னா கிழிச்சிருவேன். எத்தனையோ கிழிச்சிருக்கேன். மத்ததெல்லாம் நான் சம்மதிச்சு நின்னதுதான். செத்தவ நாக்க நீட்டணும்னு சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. கழுத்து நெரிபடுகிறவளாக நான் நின்றபோது நாம் சிரித்த சிரிப்பில் அவன் தூளியில் விழித்துக்கொண்டதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தோம், இல்லையா?

ஆனால் இந்த ஒரு படம்? அச்சாகித் திரும்பி வந்த அன்றைக்கே கிழித்துப்போட்டதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். நாற்பது வருஷமாக என் தலைக்கு மேலேயே ஒளித்து வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

படத்தை அவன் கையிலிருந்து வாங்கினேன். "நக்கோம்மா, வேண்டாம்மா!" என்று பதறி என் கையைப் பிடித்தான், எல்லாவற்றையும் கிழிக்க வந்தவன். "அப்பா வரைஞ்சதிலேயே இதான் நல்லாருக்கு. கிழிக்காத."

"எனக்குத் தெரியும். விடுல" என்றேன். நாலாகக் கிழித்தேன்.

மற்ற படங்கள் கண்காட்சிக்குப் போகின்றன. ஒவ்வொன்றின் கீழும் உங்கள் சொந்தப் பெயரும், அதற்கும் கீழே, 'மாடலாக நின்றவள்' என்று என் பெயரும் இருக்கும். நஸ்ரீனிடம் நானே சொல்லி எழுத வைத்தேன். முதல் நாள் கையை மூடாமல் போய் உட்காருவேன். ஒரு படத்துக்கும் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வேன், இது என் வாக்கு. சண்டையை மட்டும் நேரில் வந்து வைத்துக்கொள்கிறேன்.

கேட்டிருந்தால் அன்றைக்கும் நின்றிருப்பேனே,

உங்கள் மனைவி,
கோமதி