காப்பு கட்டியதும் நிறுத்திய மாத்திரை

ஆடி 14, செவ்வாய்
தூறல். காப்பு கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை கரகம் நான்தான். காப்புக் கையோடு மருந்து தொடக்கூடாது. முட்டி வலி மாத்திரைக்கு இன்றோடு முழுக்கு. ஆறேழு மாதமாக, சீட்டில்லாமல், நானே கடையில் வாங்கித் தின்பது. கோமதிக்குத் தெரியாது. தெரிந்தால் சண்டைதான்.
வாங்க: மஞ்சள், கற்பூரம், வேட்டி.

ஆடி 16, வியாழன்
உடம்பெல்லாம் வலி. இரண்டு தடவை வாந்தி. எழுந்தால் கண் இருட்டுகிறது. விரதத்தினால் இருக்கும். "மூஞ்சே சரியில்லீங்க, வேற யார்னா எடுக்கட்டும்" என்றாள் கோமதி. எரிந்து விழுந்தேன், பெண்டாட்டி என்ற இளக்காரத்தில்.

ஆடி 19, ஞாயிறு. வேலூர் ஆஸ்பத்திரி
வெள்ளியன்று கோயில் வாசலிலேயே விழுந்துவிட்டேன். கரகம் உடைந்தது. அரை நினைவு. என் பெரியம்மா சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது: "வூட்ல பொம்பள சுத்தபத்தமா இல்லன்னா இப்டித்தான் ஆவும்."

இன்று அவள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம் மாத்திரையைச் சொன்னேன். ஸ்டீராய்டாம்.

"கார்டிசால் வேணும்னு ஆர்டர் போடுறது பிட்யூட்டரி சார். நீங்க வெளியிலேர்ந்து குடுத்துட்டே இருந்தா, போதும்னு அது ஆர்டர நிறுத்திடும். கிட்னி மேல இருக்கிற சுரப்பியும் வேலையில்லாம சுருங்கிடும். திடீர்னு மாத்திரைய விட்டா ரெண்டும் உடனே எழுந்துக்காது."

தொட்டி நிரம்பினால் மிதவை குழாயை அடைக்கும் என்று சுரப்பிகளுக்கு உவமை சொல்லி, பத்தாம் வகுப்புக்குப் படம் போட்டு நான் நடத்தும் பாடம். கூசிப் போயிற்று.

ஆடி 22, புதன்
வீடு. மாத்திரை மறுபடியும், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கோமதிதான் எடுத்துக் கொடுக்கிறாள், ஆஸ்பத்திரி தந்த புது மருந்து என்று நினைத்திருப்பாள்.
ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். வருகிற வெள்ளியன்று கோமதி ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றி, ஊர் முன்னால் விழுந்து, தப்பு தன்னுடையது என்று சொல்ல வேண்டுமாம். "இன்னா வாத்தியாரே, சரிதானே?"
தலையாட்டினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

ஆடி 24, வெள்ளி
ஆடிக் காற்று. தலைக்கு ஊற்றிக்கொண்டு நடுங்கியபடி வந்து நின்றாள். தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
"தெரியும்ங்க. ஏன் விழுந்தீங்கன்னும், மாத்திரைய எப்டி குடுக்கணும்னும் டாக்டரம்மா என்கிட்டதான சொன்னாங்க."
"அப்புறம் ஏன் கேக்கல?"
"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். சரி, வாங்க. இத கோயில்ல வந்து சொல்லுங்க."
ஊரே இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளும்.
"நேரமாவுது, நீ போ" என்றேன்.
போய்விட்டாள். கோயிலில் பம்பை மேளம் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.